அரிப்பதா, குலைப்பதா, குழி பறிப்பதா?

மெய்ப்புமேசை (கேள்வி)

ஒன்றை அடியிலிருந்து கெடுப்பதைச் சொல்லும் வினைகளில் ஒரு குழப்பம். திருத்த வந்த கட்டுரை ஒன்றில் இந்த நான்கும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன:

1. ஊழல் நிர்வாகத்தை அரிக்கிறது.
2. ஊழல் நிர்வாகத்துக்குக் குழி பறிக்கிறது.
3. ஊழல் நிர்வாகத்தைக் குலைக்கிறது.
4. ஊழல் நிர்வாகத்தைக் குழி தோண்டிப் புதைக்கிறது.

காதுக்கு நான்கும் சரியாகத்தான் படுகின்றன. பொருளில் வேறுபாடு உண்டா, எழுதுபவர் விருப்பமா? ‘அரிந்தது’, ‘அரித்தது’ இரண்டும் ஒன்றுதானா என்பதையும் சொல்லுங்கள்.

வேர்ச்சொல்

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் ஒன்றல்ல. அரிகிறேன், அரிந்தேன், அரிவேன் என்று போவது வெட்டுவது. கதிர் அரிவது, காய் அரிவது. அரிவாள் இதன் பிள்ளை. அரிக்கிறது, அரித்தது, அரிக்கும் என்று போவது வேறு வினை. சிறுகச் சிறுகப் பிரித்தெடுப்பதுதான் அதன் அடிப்படை. அரிசியை நீரில் ஆட்டிக் கல் நீக்குவது, எண்ணெயில் வெந்ததைக் கரண்டியால் அரித்தெடுப்பது, கரையான் ஏட்டைத் தின்பது, அலை கரையைக் கொண்டுபோவது எல்லாம் இதற்குள் வரும். ஆகவே ‘கடல் கரையை அரிந்தது’ பிழை, ‘வெங்காயத்தை அரித்து’ என்பதும் பிழை.

உருவகமாக எழுதும்போதும் இந்தச் ‘சிறுகச் சிறுக’ கூடவே வர வேண்டும். அரிப்பது மெதுவாக நடக்கும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும், மேற்பரப்பு கடைசி வரை முழுசாக இருப்பதுபோலத் தோன்றும். உங்கள் 1ஆம் வாக்கியம் அதனால் பொருந்துகிறது. ‘ஒரே இரவில் அரித்தது’ என்று எழுதினால் வினையும் காலமும் சண்டை போடும்.

இன்னொரு பொறி எழுவாயில் இருக்கிறது. அரிப்பதற்கு எழுவாயாக நீர், துரு, கரையான், கவலை, சந்தேகம், ஊழல் போன்றவை இயல்பாக வரும். ஆளை எழுவாயாக்கினால் பொருள் மாறிவிடும்: ‘பணம் கேட்டு என்னை அரிக்கிறான்’ என்றால் நச்சரிக்கிறான் என்று பொருள். அதனால் ‘செயலாளர் திட்டத்தை அரித்தார்’ என்று எழுதாதீர்கள். வேற்றுமை உருபும் முக்கியம். நிர்வாகத்தை அரிக்கிறது சரி. ‘நிர்வாகத்துக்கு அரிக்கிறது’ என்றால் சொறிந்துகொள்ள வேண்டியதுதான்.

‘குலை’ என்பதற்கு ஏற்கெனவே அடுக்கியோ கட்டியோ வைத்த ஒன்று வேண்டும்: ஒழுங்கு, ஒற்றுமை, அமைதி, கட்டுப்பாடு, உரு, நிலை. வேகம் இங்கே பொருட்டில்லை, நொடியிலும் குலையலாம். தன்வினை குலைந்தது, பிறவினை குலைத்தது. பெயராகும்போது குலைவு, குலைப்பு என்று பிரியும். நடந்து முடிந்த கேடு சீர்குலைவு. ஒருவர் செய்யும் வேலை சீர்குலைப்பு. ‘சீர்குலைவுச் சக்திகள்’ என்று செய்திகளில் வருவதைவிடச் ‘சீர்குலைப்புச் சக்திகள்’ நேரானது.

‘குழி பறி’ நான்காம் வேற்றுமை கேட்கும்: அவருக்கு, அவர் முயற்சிக்கு. இதில் நோக்கம் உண்டு, மறைவு உண்டு, பல நேரம் கூட இருப்பவர் என்ற குறிப்பும் உண்டு. ஊழலுக்கு நோக்கம் கிடையாதே. உங்கள் 2ஆம் வாக்கியத்தில் ‘ஊழல்’ இருக்கும் இடத்தில் ‘ஊழல் அதிகாரிகள்’ என்று ஆளைக் கொண்டுவந்தால் நிமிர்ந்துவிடும்.

4ஆவது வேறு சங்கதி. குழி பறித்தால் இனிமேல்தான் விழ வேண்டும். குழி தோண்டிப் புதைத்தால் கதை முடிந்தது. ஒரே ‘குழி’ இருப்பதால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள்.

எதிர்வரி

பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குழி பறிக்க ஆள்தான் வேண்டும் என்பது கூடுதல் கண்டிப்பு. ‘அவருடைய அவசரமே அவருக்குக் குழி பறித்தது’ நல்ல தமிழ்தான். அவசரத்தைக் கூடவே இருந்த துரோகியாகப் பார்க்கிறோம், உருவகம் தாங்குகிறது. தாங்காத இடம் இயற்கை நிகழ்ச்சி: ‘மழை பாலத்துக்குக் குழி பறித்தது’ என்றால் சிரிப்புதான் வரும். அங்கே ‘தூணடியில் மண் அரித்துப்போனது’ என்று எழுதுவதே வழக்கம். அரிக்கும் பொருளைச் சொல்லாமல், அரிபட்டதையே எழுவாயாக்க ‘அரித்துப்போ’ கைகொடுக்கும். ‘அரிக்கப்பட்டுள்ளது’ என்று நீட்ட வேண்டியதில்லை.

விட்டுப்போன ஒரு சொல்: கீழறுத்தல். அடியை மறைவாக அறுப்பது. ‘கீழறுப்பு வேலை’ என்று அரசியல் கட்டுரைகளில் பார்க்கலாம். திட்டமிட்ட உள்வேலைக்கு இதைவிடக் கச்சிதமான சொல் தெரியவில்லை. பேச்சில் வராது, கட்டுரையில் உறுத்தாது. அடியோடு ஒழித்துவிடும் செயலுக்கு ‘உலை வை’ இருக்கிறது; அதுவும் நான்காம் வேற்றுமைதான்: பிழைப்புக்கு உலை வைத்தது.

ஒற்றுப்புள்ளி

எழுத்துப் பிழைகளையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். மண்ணரிப்பு என்பதை ‘மண் அறிப்பு’ என்றும், செல்லரித்த என்பதைச் ‘செல்லறித்த’ என்றும் எழுதுகிறார்கள். இடையின ர தான் வரும். ஆனால் கீழறுப்பில் வல்லின று. அது அறு என்ற வினை. குலைத்தல் வேறு, மாவைக் குழைத்தல் வேறு. நாய் பேச்சில் குலைக்கலாம், எழுத்தில் குரைக்கட்டும்.

ஒற்று: ‘குழிப் பறித்தார்’ பிழை. குழியைப் பறித்தார் என்பதில் ஐ மறைந்திருப்பதால் ப் மிகாது. உருபு வெளிப்படையாக இருந்தால் மிகும்: அவருக்குக் குழி பறித்தார், அமைதியைக் குலைத்தார்.

தேய்பிறை

உள்ளிருந்து மெல்லக் கெடுவதற்குக் குறள் எடுத்துக்கொண்ட வினை ‘தேய்’ என்பதையும் பாருங்கள். உட்பகை அதிகாரத்தில் 888ஆவது குறள்: ‘அரம்பொருத பொன்போலத் தேயும் உரம்பொருது உட்பகை உற்ற குடி.’ அரத்தால் அராவப்பட்ட பொன் ஒவ்வொரு இழுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுபோல. இங்கே தேயும் என்பது தன்வினை, குடி தானாகத் தேய்கிறது. 555இல் ‘அழுதகண்ணீர் அன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்று பிறவினை. அரிப்புக்கும் தேய்மானத்துக்கும் வேறுபாடு: அரித்தால் உள்ளே பொந்து விழும், தேய்ந்தால் அளவு குறையும். செல்வாக்கு, நம்பிக்கை, மதிப்பு போன்ற ‘அளவு’ உள்ளவற்றுக்குத் தேய் நன்றாக ஒட்டும்.

மெய்ப்புமேசை

நன்றி. அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன், சரியா?

‘பல ஆண்டு மெத்தனம் துறையை அரித்து வந்தது. புதிய தலைவருக்கு உடனிருந்தவர்களே குழி பறித்தார்கள். திடீர் நிதிவெட்டு பணிகளை அரித்தது. அரிந்துபோன நம்பிக்கையை மீட்க நாளாகும்.’

வேர்ச்சொல்

முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் ‘திடீர்’ இருக்கிறது, அரிக்காது. ‘பணிகளைச் சீர்குலைத்தது’ என்று மாற்றுங்கள். நான்காவதில் அரிந்து என்றால் கத்தி வந்துவிடும். ‘அரித்துப்போன’ என்று திருத்தினாலும் அது தகரத்துக்கும் மரத்துக்கும் இயல்பு, நம்பிக்கைக்கு அவ்வளவு ஒட்டாது. மேலே சொன்ன தேய்மானம்தான் இங்கே சரி: ‘தேய்ந்துபோன நம்பிக்கையை மீட்க நாளாகும்.’