புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரும்போது தெருவை யார் பார்க்கிறார்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மந்தைவெளியிலிருந்து:

எங்கள் தெருவில் இரண்டு கிரவுண்டில் (4,800 சதுர அடி) இருந்த பழைய ஓட்டு வீட்டை இடித்து, கீழே தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங்கும் மேலே ஐந்து மாடியுமாகக் கட்டிவிட்டார்கள். ஜேசிபி வந்து நின்ற அன்றுதான் அக்கம்பக்கத்துக்கே விஷயம் தெரியும்.

குடியிருப்புகள் வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கட்டிய விதம்தான் வருத்தம். 2015 சென்னை வெள்ளத்தை நினைத்துத் தரையை நன்றாக உயர்த்திவிட்டார்கள். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் அங்கிருந்து வழியும் மழைத்தண்ணீர் இப்போது எதிர்ச்சாரி வீட்டு வாசல்களில் நிற்கிறது. கார் ஏறும் சாய்தளம் நடைபாதையைப் பாதி விழுங்கிவிட்டது. தள்ளாத வயதில் என் மாமியார் அந்த இடத்தில் ரோட்டில் இறங்கித்தான் கோயிலுக்குப் போகிறார். வாசலில் நின்ற புங்க மரமும் போய்விட்டது.

பில்டரைக் கேட்டால், "எல்லாம் அப்ரூவல்படிதான் மேடம்" என்கிறார். வரைபடத்தை வாங்கிப் பார்த்தோம். எஃப்எஸ்ஐ (மனையின் அளவுக்கு எவ்வளவு கட்டலாம் என்ற விகிதம்), செட்பேக் (சுற்றிலும் விட வேண்டிய காலியிடம்), பார்க்கிங், மழைநீர்த் தொட்டி எல்லாம் சரி. ஆனால் படம் காம்பவுண்டு சுவரோடு முடிந்துவிடுகிறது. சுவருக்கு வெளியே சாக்கடை எந்த மட்டத்தில் இருக்கிறது, மரம் எங்கே நிற்கிறது, பக்கத்து வீட்டுத் தரை எவ்வளவு உயரம், எதுவும் அதில் இல்லை. பரிசீலித்தவர் இல்லாததை எப்படிப் பார்ப்பார்?

ஆதம்பாக்கத்திலிருந்து, கட்டடக் கலைஞர்:

மேடம், மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன். 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயரமான கட்டடம். தீயணைப்புத் துறை, போக்குவரத்துக் காவல்துறை என்று பலர் பார்க்கிறார்கள். சின்ன வீடுகளுக்கு 2024 ஜூலையில், விதிப்படிதான் கட்டுகிறோம் என்று விண்ணப்பிப்பவரே உறுதி தரும் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் மாடியும் கட்டினால் ஆன்லைனிலேயே அனுமதி. என் வாடிக்கையாளர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உங்கள் தெருக் கட்டடம். மயிலாப்பூரையும் மாம்பலத்தையும் அடையாறையும் மாற்றிக்கொண்டிருப்பது இந்த ரகம்தான். இதைக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சின்ன வீடுகளில் அதிகாரிகளுக்கு மிச்சமான நேரத்தை இங்கே செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒரு எச்சரிக்கை. "அழகாக இருக்கிறதா" என்று கேட்கும் கமிட்டி வேண்டவே வேண்டாம். அது ஆளுக்கு ஆள் மாறும், ஃபைல் தூங்கும், கைநீட்டவும் இடம் கொடுக்கும். நீங்கள் சொன்ன மாதிரி தரைமட்டம், சாய்தளம், மரம், தண்ணீர் போகும் வழி என்று அளந்து பார்க்கக்கூடிய நாலு விஷயம் போதும். மனைக்கு வெளியே இரு பக்கமும் இரண்டு வீடு வரை படத்தில் காட்டச் சொல்லட்டும். குறித்த நாளுக்குள் பதில் வரட்டும். நான் சந்தோஷமாக வரைந்து தருவேன்.

பெரம்பூரிலிருந்து:

எங்களுக்கு நல்ல அனுபவம். பக்கத்து மனையில் கட்டியவர் அனுமதிக்குப் போடும் முன்பே வரைபடத்தோடு வீடு வீடாக வந்தார். ஜெனரேட்டர் எங்கள் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக இருந்தது, சொன்னோம், பின்பக்கம் மாற்றிவிட்டார். வேப்ப மரத்துக்காக கேட்டையும் நகர்த்தினார். கட்டி முடியும்வரை யாரும் புகார் போடவில்லை. எந்தச் சட்டமும் அவரை வரச் சொல்லவில்லை, அவராக வந்தார். அப்படி ஒருவர் வாய்க்காத தெருக்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

மந்தைவெளியிலிருந்து:

இருவருக்கும் நன்றி. சென்னைப் பெருநகருக்கு 2008-ல் வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) 2026 வரைக்கானது, மூன்றாவது தயாராகிவருகிறது. அதற்கும் எழுதப் போகிறேன், வார்டு மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபையிலும் கொடுக்கப் போகிறேன். பெரம்பூர் சார், அவர் உங்களிடம் காட்டிய படத்தில் என்னென்ன இருந்தது என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்களேன். அதையே மாதிரியாக வைத்துக் கேட்கலாம்.