நகரி வீட்டுக் குழு: நாளைக்கு ராத்திரி என்ன படம்?

சனிக்கிழமை, இரவு 8.05

தம்பி (ஆவடி): நாளைக்கு எல்லோரும் நகரியில்தானே? மாமாவின் புது டிவியில் ராத்திரி ஒரு படம் போடலாம். பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் ஜந்துப் படம்.

அம்மா: ஜந்து என்றால்?

தம்பி: புழு, பாம்பு, மீன். ஆளைக் கடிக்கும், ரத்தம் பீறிடும், சிரிப்பும் வரும்.

அம்மா: ரத்தத்தைப் பார்த்து என்னடா சிரிப்பு? பாட்டி இருக்கிற வீடு. நல்லதாக ஒரு பழைய படம் போடு.

மாமா (நகரி, ஆந்திரா): அக்கா, அவன் சொல்லட்டும். என்னென்ன இருக்கிறது மாப்பிள்ளை?

தம்பி: அனகோண்டா, 1997.

மாமா: அதைத் தமிழில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. பாம்பு ஒருத்தனை முழுங்கிவிட்டுக் கக்கும். அவன் வழவழவென்று கிடந்தபடி ஜெனிஃபர் லோபஸைப் பார்த்துக் கண்ணடிப்பான். தறிக்காரப் பையன்கள் அந்த இடத்தில் விசில் அடிப்பார்கள்.

சித்தி: கக்குவது உண்மைதான் அண்ணா. இரை எடுத்த பாம்பைத் தொந்தரவு செய்தால் கக்கிவிட்டு ஓடும். கண்ணடிப்பதுதான் சினிமா.

நான்: எனக்கு அந்தக் கண்ணடிப்புதான் படமே. அதுவரை பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தேன். அங்கேதான் சிரிக்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

தம்பி: அப்போது ட்ரெமர்ஸ் உனக்குப் பிடிக்கும் அக்கா. 1990. பாலைவனத்தில் ஒரு குட்டி ஊர், மண்ணுக்கு அடியில் ராட்சதப் புழுக்கள். கண் கிடையாது. தரை அதிர்வதை வைத்து ஆளைப் பிடிக்கும். பாறை மேல் ஏறி மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டியதுதான்.

மாமா: அப்படியானால் அது நேராக நகரிக்குத்தான் வரும். விசைத்தறி ஓடுகிற ஓட்டத்துக்கு வீட்டில் டம்ளரே நடுங்குகிறது. கொட்டகைக்கு அடியில் வந்து படுத்துக்கொள்ளும்.

அத்தை (நகரி): வரட்டும். தறிக்கு நூல் தார் சுற்ற ஆள் கிடைக்கவில்லை.

அம்மா: தங்கச்சி, நீயாவது சொல்லு. ஆஸ்பத்திரியில் தினம் இதையேதானே பார்க்கிறாய். வீட்டிலும் ரத்தமா?

8.31

சித்தி: அக்கா, தினம் பார்ப்பதால்தான் எனக்கு இந்தப் படங்கள் பிடிக்கின்றன. நிஜ ரத்தம் இப்படிச் சுவருக்குச் சுவர் அடிக்காது. பெரும்பாலும் சத்தமில்லாமல் துணியில் ஊறும். கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும், கையில் செப்புக்காசு வாடை ஒட்டிக்கொள்ளும். படத்தில் கடைசிவரை பளபளவென்று சிவப்பாகவே இருக்கிறது பார், அது சோளப் பாகில் சாயம் கலந்தது.

சித்தி: போன வாரம் நைட் டியூட்டியில் ஒரு பையன் வந்தான். பைக் விபத்து. விடியும்வரை அவனோடுதான். வீட்டுக்கு வந்து குளித்துப் படுத்தால் தூக்கம் வரவில்லை. போனில் அந்த பிரானா மீன் படத்தைப் போட்டேன், 2010-ல் வந்தது. ஒருத்தனைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே எலும்புதான் மிச்சம். ஆனாலும் வசனம் பேசிக்கொண்டிருக்கிறான்! தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அவனுக்கு ஊசி போட வேண்டாம். வெளியே பெஞ்சில் இருக்கிற அம்மாவிடம் போய் எதுவும் சொல்ல வேண்டாம். அப்புறம் தூங்கிவிட்டேன்.

8.44

அம்மா: அந்தப் பையன்?

சித்தி: பிழைத்துக்கொண்டான் அக்கா. காலும் தப்பியது. வார்டுக்கு மாற்றியாயிற்று.

அம்மா: முருகா.

தம்பி: பெரியம்மா, நீங்களும் சொல்லுங்கள். இதெல்லாம் மட்டமான படம் என்பார்கள். நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் என்று ஒருவர் 1992-ல் எடுத்ததில் எலியும் குரங்குமாக ஒரு ஜந்து அம்மாவைக் கடித்து, அவள் பிணமாகி, மற்றவர்களும் பிணமாகி, கடைசியில் மகன் புல் வெட்டும் மிஷினைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கக் கூழாக்குவான். அதே ஆளின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாவது மோதிரப் படத்துக்குத்தான் 2004-ல் 11 ஆஸ்கர்!

பெரியப்பா (பொதட்டூர்பேட்டை): பெரியம்மா தூங்கிவிட்டாள். யாரோ கூழ் என்றீர்களே?

அம்மா: போச்சு, வாத்தியார் வந்துவிட்டார்.

பெரியப்பா: வகுப்பில் பின் பெஞ்சு நிமிர்ந்து உட்கார வேண்டுமென்றால் நான் எடுப்பது கலிங்கத்துப்பரணியில் ஒரே ஒரு பகுதிதான். ஜெயங்கொண்டார், 12-ஆம் நூற்றாண்டு. போர் முடிந்த களம். காளியின் பேய்கள் பசியோடு பிணக்கூழ் காய்ச்சப் போகின்றன. அதற்கு முன்னால் என்ன செய்கின்றன தெரியுமா? பல் தேய்க்கின்றன! யானைத் தந்தம்தான் பல்குச்சி. யானையின் விலா எலும்பை எடுத்து நாக்கு வழிக்கின்றன. பிறகுதான் சமையல். பரிமாறும்போது வாய் பேசாத ஊமைப் பேய் ஒன்று, கையால் சைகை காட்டித் தன் பங்கைக் கேட்கும்.

நான்: பல் தேய்த்துவிட்டா!

பெரியப்பா: ஆமாம். உதிரமும் மூளையும் எல்லாப் போர்க்களத்திலும் உண்டு. பேய்க்கு வாய் சுத்தம் வேண்டும் என்று தோன்றியது பார், அங்கேதான் புலவர்.

மாமா: மாமா, எங்கள் பக்கத்திலும் ஒரு புலவர் இருந்தார். மாயாஜாலப் பட டைரக்டர் விட்டலாச்சார்யா. தெலுங்கில் ஜானபத பிரம்மா, அதாவது நாட்டுக்கதைப் படங்களின் பிரம்மா என்றே பட்டம். 1978-ல் ஜகன்மோகினி. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடு பண்ணி உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்குள் மருமகளாக ஒரு பேய் சமைக்கிறது. விறகைக் காணோம். இரண்டு காலையும் அடுப்புக்குள் நீட்டிவிட்டு, அது பாட்டுக்குச் சமைக்கிறது!

மாமா: கொட்டகையே அலறியது. அடுத்த நிமிஷம் கொட்டகையே சிரித்தது. எது முதலில் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மாமா: பக்கத்தில் என் அம்மா, உங்கள் பாட்டி சொல்கிறாள், எழுதுகிறேன்: “எனக்கு அப்போது ஈர விறகு. ஊதி ஊதிக் கண் போச்சு. அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.”

அம்மா: பாட்டி இருக்கிற வீடு என்று சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

9.10

தம்பி: அத்தைக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். கிரெம்லின்ஸ், 1984. குட்டிப் பிசாசுகள் வீட்டுக்குள் புகுந்துவிடும். அந்த வீட்டு அம்மா சமையலறையில் தனியாக மாட்டிக்கொள்வாள். ஒன்றை மிக்ஸியில் அரைப்பாள், ஒன்றை மைக்ரோவேவில் தள்ளி வெடிக்க விடுவாள். பிள்ளைகளோடு போன பெற்றோர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அந்த வருஷமே அமெரிக்காவில் 13 வயதை வைத்துத் தனிச் சான்றிதழ் கொண்டுவந்தார்கள்.

அத்தை: மிக்ஸி ஜாரை யார் கழுவியது?

தம்பி: அதைக் காட்டவில்லை அத்தை.

அத்தை: எடுத்தவன் ஆம்பிளை.

சித்தி: அண்ணி, நாளைக்கு இதைத்தான் போடுகிறோம்.

மாமா: ஜகன்மோகினிதான். வீட்டுக்காரன் சொல்கிறேன்.

தம்பி: சரி, இரண்டும். அதையும் தேடி எடுத்து வருகிறேன் மாமா.

அத்தை: படம் எதுவோ போடுங்கள். ராத்திரிச் சாப்பாடு என்னவென்று ஒருத்தரும் கேட்கவில்லை. கறிக்கடையில் எட்டுக் கால் சொல்லி வைத்தாயிற்று. ஆட்டுக்கால் பாயாவும் இடியாப்பமும்.

நான்: அத்தை...

அம்மா: படத்துக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடலாம்.

மாமா: அம்மா கேட்கிறாள், “கால் அடுப்பில் இருக்கும்போதே படத்தைப் போட்டுவிட்டால் என்ன?”