கனடாவுல ஃப்ரான்சைஸ் கடை எடுக்க நினைக்கிற மதுரைப் பக்கத்து ஆளுகளுக்கு: அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னால

ஆவின் பாலகம் நடத்துன வீடு, பிஸ்கட் கம்பெனிக்கு ஏஜென்சி பாத்த வீடு, மாசி வீதியில குட்வில் குடுத்துக் கடை பிடிச்ச வீடு. இந்த மாதிரி வீட்டுல இருந்து டொராண்டோ, பிராம்ப்டன் பக்கம் வர்ற பிள்ளைகளுக்கு ஃப்ரான்சைஸ்னதும் பழகின தொழில் மாதிரித் தெரியும். அப்படி இல்ல. ஏஜென்சியில சரக்கை வாங்கி விக்கிறோம், மிச்சம் நம்ம கைக்கு வருது. ஃப்ரான்சைஸ்ல ஒரு கம்பெனியோட பேரையும் நடைமுறையையும் 5 வருசத்துக்கோ 10 வருசத்துக்கோ வாடகைக்கு எடுக்குறோம். சரக்கை அவங்க சொல்ற இடத்துல வாங்கணும், அவங்க சொல்ற விலைக்கு விக்கணும். லாபம் வந்தாலும் வராட்டியும் மொத்த விற்பனையில இருந்து ராயல்டின்னு ஒரு பங்கு கம்பெனிக்குப் போயிரும். இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. இங்க சொல்றதெல்லாம் ஒன்டாரியோ மாகாணக் கணக்கு.

முதல்ல விசா. பி.ஆர்.ங்கிற நிரந்தரமா வசிக்கிற உரிமை இருந்தா தடை இல்ல. படிச்சு முடிச்சு வாங்குற ஓப்பன் வொர்க் பெர்மிட்ல இருக்கவங்களும் சொந்தத் தொழில் பண்ணலாம். ஆனா அந்த உழைப்பு, கனடாவுல வேலை பாத்த அனுபவத்தை வச்சு பி.ஆர். தர்ற கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்ல அனுபவமா எண்ணப்படாது. சொந்தத் தொழில் பாத்த காலத்தை அதுல சேர்க்க மாட்டாங்க. ரெண்டு வருசம் கடையில உழைச்சிட்டு பி.ஆருக்குப் போடும்போது அனுபவம் பூஜ்யம்னு வந்தா பெர்மிட்டும் முடிஞ்சு போயிருக்கும். ஒரே முதலாளி பேர் போட்ட பெர்மிட்ல இருக்கவங்க கடை நடத்தவே கூடாது. "கடை வாங்குங்க, ஓனர்-ஆப்பரேட்டர்னு எல்.எம்.ஐ.ஏ. வாங்கித் தர்றேன்"னு, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைக்க அரசு தர்ற அனுமதியை வாங்கித் தர்றேன்னு எவராவது சொன்னா எந்திரிச்சு வந்துருங்க. அந்த வழியை 2021 ஏப்ரல்லயே மூடிட்டாங்க.

அடுத்தது சட்டம். ஒன்டாரியோவுல 2000-ல வந்த ஆர்தர் விஷார்ட் சட்டம்தான் ஃப்ரான்சைஸ் வாங்குறவனுக்குக் காவல். கையெழுத்துப் போடவோ பணம் கட்டவோ, இதுல எது முந்துதோ அதுக்குக் குறைஞ்சது 14 நாள் முன்னால டிஸ்க்ளோஷர் டாக்குமென்ட், அதாவது கம்பெனி தன்னோட விவரத்தை எல்லாம் எழுதித் தர்ற ஆவணம், உங்க கைக்கு வந்திருக்கணும். துண்டு துண்டா பத்து மெயில்ல வந்தா அது கணக்குல சேராது. ஒரே ஆவணமா, ஒரே நேரத்துல வரணும். அதுக்கு முன்னால அவங்க வாங்க முடியிறது ஆரம்பக் கட்டணத்துல 20 சதவீதத்துக்கு மேல போகாத டெபாசிட் மட்டும்தான். அதையும் வேணாம்னா பிடித்தம் இல்லாமத் திருப்பித் தரணும். "இந்த ஏரியாவுக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்கார், நாளைக்கே கட்டுங்க"ங்கிற பேச்சு இந்த 14 நாளை உங்ககிட்ட இருந்து பறிக்கிற வேலை.

டாக்குமென்ட் இருநூறு முந்நூறு பக்கம் வரும். முதல் பக்கத்துல இருந்து படிச்சா அசந்துருவீங்க, கடைசியில இருந்து திருப்புங்க. இயக்குநர்கள் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருக்கா, தேதி இருக்கா பாருங்க. அடுத்து தலைமைக் கம்பெனியோட நிதியறிக்கை. வருமானத்துல பெரும்பங்கு ராயல்டியா, புதுசா வர்றவங்ககிட்ட வாங்குற ஆரம்பக் கட்டணமான்னு பிரிச்சுப் பாருங்க. ஆரம்பக் கட்டணத்துல ஓடுற கம்பெனிக்குக் கடை திறக்குறதுதான் வியாபாரம். கடை ஓடுறதுல அதுக்கு அவ்வளவா அக்கறை இருக்காது. பிறகு சப்ளையர்கிட்ட கமிஷன் வாங்குறாங்களா, ஏரியா உங்களுக்கு மட்டுமா, ஆன்லைன் ஆர்டருக்கும் அந்த எல்லை செல்லுமான்னு பாருங்க.

அதைவிடப் பெருசு இப்ப நடத்துறவங்க பட்டியலும், விலகிப்போனவங்க, மூடுன கடைகள் விவரமும். ஊர்ல பொண்ணு பாக்கப் போறதுக்கு முன்னால எத்தனை பேர்கிட்ட விசாரிப்போம்! இதுக்கு அதுல பாதியாவது விசாரிங்க. கம்பெனி காட்டுற கடைக்காரரை விட்டுட்டு, பட்டியல்ல இருந்து நீங்களா எடுத்த ஆறு பேருக்கும் விலகிப்போன நாலு பேருக்கும் போன் பண்ணுங்க. கடைக்காரங்க தங்களுக்குள்ள பேசிக்கிறதையும் சேர்றதையும் கம்பெனி தடுக்கக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. "நல்லாப் போகுதா?"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. பிப்ரவரி மாசம் ஒரு வாரத்துக்கு விற்பனை எவ்வளவு, கட்டி முடிக்க கம்பெனி சொன்ன தொகை எவ்வளவு, கடைசியில ஆனது எவ்வளவு, எத்தனாவது மாசத்துல இருந்து சம்பளம் எடுத்தீங்க, இதே எண்ணெயும் பேப்பர் கப்பும் ஹோல்சேல் கடையில வாங்குனா எவ்வளவு குறையும்னு கேளுங்க. கடைசிக் கேள்விக்குப் பெருமூச்சு வந்தா அதுவே பதில்.

வாடகையில ஊர் ஆளுக நிறையப் பேர் தடுமாறுறாங்க. "சதுர அடிக்கு 35 டாலர்"னா அது வருசத்துக்கு. அதோட முடியிறதில்ல. சொத்து வரி, பராமரிப்பு, கட்டட இன்சூரன்ஸ் மூணையும் சேர்த்து டி.எம்.ஐ.ன்னு தனியா வரும். 1,200 சதுர அடி கடை, 35 டாலர் வாடகை, 15 டாலர் டி.எம்.ஐ.ன்னு வச்சா வருசத்துக்கு 60,000, மாசம் 5,000. அதுக்கு மேல 13 சதவீதம் எச்.எஸ்.டி.ங்கிற விற்பனை வரி. டி.எம்.ஐ. வருசா வருசம் மாறும், ஏறுனா நீங்கதான் கட்டணும். இன்னொண்ணு, லீஸ் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. பல கம்பெனிகள் கட்டட ஓனர்கிட்ட தாங்க லீஸ் எடுத்து உங்களுக்கு உள்வாடகைக்கு விடும். அப்ப ஃப்ரான்சைஸ் போனா நீங்க காசு போட்டுக் கட்டுன கடையும் சேர்ந்து போயிரும்.

இப்ப ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குக் கணக்கு. உதாரணம்தான், உங்க எண்ணைப் போட்டு மாத்திக்கோங்க. வருச விற்பனை 5,00,000 டாலர். சரக்கு 30 சதவீதம், 1,50,000. ஆள் சம்பளம் 28 சதவீதம், 1,40,000. வாடகை 60,000. ராயல்டி 6, விளம்பரம் 3, ஆக 9 சதவீதம், 45,000. கரண்ட், கேஸ், இன்சூரன்ஸ், ரிப்பேர், கார்டு கட்டணம், கணக்குப்பிள்ளை எல்லாம் சேர்த்து 50,000. மிச்சம் 55,000. கடன் 2,50,000 டாலரை 8 சதவீத வட்டிக்கு 7 வருசத்துல அடைக்கணும்னா மாசத் தவணை கிட்டத்தட்ட 3,900, வருசத்துக்கு 46,800. கையில நிக்கிறது 8,200. இதுக்கு வாரம் 60 மணி நேரம் நீங்க கடையில நிக்கணும். அதே 60 மணி நேரத்தை 2025 அக்டோபர்ல வந்த குறைஞ்சபட்சக் கூலி 17.60-க்கு வெளியில உழைச்சா, ஓவர்டைம் சேர்க்காமலே 54,900 டாலர். கணக்குப் போடும்போது உங்க உழைப்புக்கும் ஒரு சம்பளம் எழுதுங்க. அதை எழுதாம வர்ற லாபம் லாபமே இல்ல. டெலிவரி ஆப் கமிஷனை இதுல நான் சேர்க்கவே இல்லைங்கிறதையும் கவனிங்க.

கடன் பத்தி ஒரு வார்த்தை. சின்னத் தொழிலுக்கு மத்திய அரசு பின்னால நிக்கிற கடன் திட்டம் இருக்கு. சாமானுக்கும் கடை கட்டுறதுக்கும் 5,00,000 டாலர் வரைக்கும் தரும். ஃப்ரான்சைஸ் கட்டணத்தையும் அந்தத் திட்டத்துல ஒரு அளவு வரைக்கும் சேர்க்கலாம். பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அரசு உத்தரவாதம்னா கடை போனா கடன் தள்ளுபடின்னு நினைச்சுக்கிறாங்க. அந்த உத்தரவாதம் பேங்குக்கு. நட்டத்துல 85 சதவீதத்தை அரசு பேங்குக்குத் தரும், உங்க கடன் உங்க தலையிலதான் இருக்கும். கம்பெனி பேர்ல பதிஞ்சிட்டா தப்பிச்சுக்கலாம்ங்கிறதும் நடக்காது. கட்டட ஓனர், பேங்க், தலைமைக் கம்பெனி மூணு பேருமே உங்ககிட்ட தனிப்பட்ட ஜாமீன் கேப்பாங்க. அதுக்கு வருச எல்லையும் தொகை எல்லையும் போடச் சொல்லி வக்கீல் மூலமாப் பேசுங்க. வீடு வாங்கும்போது பாத்த வக்கீல் இதுக்கு ஆக மாட்டார். ஃப்ரான்சைஸ் மட்டும் பாக்குற வக்கீலா தேடுங்க.

உசிலம்பட்டித் தம்பி கேட்டது: அண்ணே, புதுக் கடைக்குப் பதிலா ஓடிக்கிட்டு இருக்கிற கடையை இப்ப நடத்துறவர்கிட்ட இருந்தே வாங்குனா நல்லதுதானே? விற்பனை கண்ணுக்குத் தெரியுதுல்ல?

பதில்: விற்பனை தெரியும் தம்பி, அது நல்லதுதான். ஆனா காவல் குறையும். நடத்துறவர் தன் கடையைத் தானே விக்கும்போது, தலைமைக் கம்பெனி சம்மதம் குடுக்குறது, மாற்றுக் கட்டணம் வாங்குறதோட நின்னா, டிஸ்க்ளோஷர் டாக்குமென்ட் தர வேண்டிய கட்டாயம் சட்டத்துல இல்ல. அதனால நீயே எழுத்துல கேளு. புதுக் கடையில டாக்குமென்ட் தராம விட்டா, ஒப்பந்தம் போட்டதுல இருந்து 2 வருசத்துக்குள்ள ரத்து பண்ணிப் பணத்தைத் திருப்பிக் கேக்கலாம். தாமதமாவோ குறையோடவோ தந்தா அது கைக்கு வந்ததுல இருந்து 60 நாள். கைமாறுற கடையில அந்தப் பிடி உனக்கு இல்லாமப் போகலாம்.

விற்பனையை அவர் காட்டுற பேப்பர்ல பாக்காத. எச்.எஸ்.டி. தாக்கல் பண்ணுனது, ராயல்டி கட்டுன வாராந்திர அறிக்கை, பேங்க் ஸ்டேட்மென்ட் மூணையும் 24 மாசத்துக்கு வாங்கி ஒண்ணோட ஒண்ணு பொருத்து. "கணக்குல வராத விற்பனை தனியா இருக்கு"ன்னு சொன்னா, அதுக்கு ஒரு டாலர்கூடக் குடுக்காத. வரியையும் ராயல்டியையும் ஏமாத்துனேன்னு அவரே சொல்றார், உன்னை ஏமாத்த மாட்டாரா?

பிறகு ஒப்பந்தத்துல மிச்சம் எத்தனை வருசம்னு பாரு. 10 வருசத்துல 3 வருசம்தான் மிச்சம்னா, புதுப்பிக்கும்போது கடையைப் புதுசாக் கட்டச் சொல்வாங்களான்னு படி. அடுப்புக்கு மேல புகை இழுக்குற ஹுட், உள்ள நடந்து போற வாக்-இன் கூலர் ரெண்டோட வயசைப் பாரு. கூலர் 4 டிகிரிக்குக் கீழ நிக்குதான்னு மதியக் கூட்ட நேரத்துல தெர்மாமீட்டர் வச்சுப் பாரு. காலையில கதவு மூடிக் கிடக்கும்போது எந்தக் கூலரும் குளிரத்தான் செய்யும். முழுத் தொழிலையும் வாங்குறதா இருந்தா, ரெண்டு பேரும் எச்.எஸ்.டி. பதிவு வச்சிருந்தா, ஜி.எஸ்.டி. 44 படிவம் போட்டு வாங்குற விலைக்கு எச்.எஸ்.டி. இல்லாம முடிக்கலாம். இதை மறந்தா 13 சதவீதத்தை முதல்ல கட்டிட்டுப் பிறகு திருப்பிக் கேட்டு நிக்கணும்.

மேலூர்ல இருந்து ஒருத்தர் கேட்டது: அப்பா நிலத்தை வித்து அனுப்புறேங்கிறார். எப்படிக் கொண்டு வர்றது?

மதுரையில ஆடிட் பாக்குற அக்காவோட பதில்: நிலம் அப்பா பேர்ல இருந்தா லேசு தம்பி. இந்தியாவுல வசிக்கிறவர் ஒரு நிதியாண்டுல 2,50,000 அமெரிக்க டாலர் வரைக்கும் வெளிய அனுப்பலாம், மகனுக்கு அன்பளிப்பாவும் தரலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல போற தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டி.சி.எஸ்.னு வரியை முன்கூட்டியே பிடிக்கும். அப்பா ரிட்டர்ன் தாக்கல் பண்ணுறப்ப திரும்பி வரும், ஆனா அதுவரைக்கும் முடங்கும். கையில 60 லட்சம் இருந்தா அனுப்ப முடியிறது கிட்டத்தட்ட 51 லட்சத்து 66 ஆயிரம்தான். கடைக்குத் தேதி குறிக்கும்போது இந்த எட்டு லட்சத்தைக் கழிச்சுக் கணக்குப் போடு. கனடாவுல அன்பளிப்புக்கு வரி இல்ல, ஆனா பேங்க் பணம் வந்த வழி கேக்கும். கிரயப் பத்திரம், அன்பளிப்புக் கடிதம், அனுப்புன ரசீது மூணையும் சேர்த்து வை.

விவசாய நிலமா இருந்தா இந்தியாவுல மூலதன ஆதாய வரி வருமாங்கிறது தூரத்தைப் பொறுத்தது. மதுரை மாநகராட்சி எல்லையில இருந்து நேர்க்கோட்டுல 8 கிலோமீட்டர், மேலூர் மாதிரி சின்ன நகராட்சி எல்லையில இருந்து 2 கிலோமீட்டர், இதுக்கு வெளிய இருந்தா வரி கிடையாது. தாசில்தார்கிட்ட தூரச் சான்று வாங்கி வச்சுக்கிட்டா பின்னால நோட்டீஸ் வந்தாலும் பயமில்ல. கூட்டுப்பட்டாவா இருந்தா முதல்ல அதைப் பிரிங்க. அதுக்கு மாசக்கணக்கா ஆகும், கனடாவுல கையெழுத்துத் தேதி காத்திருக்காது.

நிலம் உன் பேர்லயே இருந்தா வேற கணக்கு. நீ வெளிநாட்டுவாசி. வரி வர்ற நிலமா இருந்தா, வாங்குறவர் டி.டி.எஸ். பிடிச்சுத்தான் பணம் தரணும். குறைச்சுப் பிடிக்க வருமான வரித்துறையில சான்றிதழை முன்கூட்டியே வாங்கிரு. பணம் வெளிநாட்டுவாசி இந்தியாவுல வச்சிருக்கிற என்.ஆர்.ஓ. பேங்க் கணக்குக்கு வந்து, ஆடிட்டர் சான்றோட நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரைக்கும் வெளிய போகலாம். அப்பாவுக்குப் பவர் குடுக்குறதா இருந்தா, கனடா 2024 ஜனவரி 11-ல இருந்து அப்போஸ்டில் முறையில இருக்கு, அதாவது பத்திரம் வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசு ஒரு சான்று போட்டுத் தரும். நோட்டரி முன்னால கையெழுத்து, அப்போஸ்டில், பிறகு இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைக் கட்டணம் கட்டணும். அந்த 3 மாசத்தை விட்டா சிக்கல்தான்.

இன்னொண்ணு, நீ கனடாவுல இறங்குன தேதியில அந்த நிலத்தோட சந்தை மதிப்பை ஒரு மதிப்பீட்டாளர்கிட்ட எழுதி வாங்கி வை. கனடா வரித்துறை அந்தத் தேதியில இருந்து ஏறுன மதிப்புக்குத்தான் வரி கேக்கும். பேப்பர் இல்லாட்டி தாத்தா வாங்குன காலத்து விலையை நீ விளக்கிக்கிட்டு இருக்கணும்.

கடைசியா ஒரு கேள்வி வந்துச்சு: கையில 15,000 டாலர்தான் இருக்கு, ஆபீஸ் கிளீனிங் ஃப்ரான்சைஸ் எடுக்கலாமா?

பதில்: குறைஞ்ச காசுல கிடைக்குதுன்னு புதுசா வர்றவங்க முதல்ல போய் நிக்கிற இடம் இது. "மாசம் இவ்வளவு டாலருக்கு வேலை தர்றோம்"னு எழுதியிருப்பாங்க. அந்த வேலை கைவிட்டுப் போனா எத்தனை நாள்ல வேற வேலை தரணும், அது எத்தனை கிலோமீட்டர் தூரத்துல இருக்கலாம்னு பாருங்க. ஒப்பந்தம் பூராம் வாடிக்கையாளருக்கும் கம்பெனிக்கும் இடையிலதான் இருக்கும், உங்க பேர் அதுல இருக்காது. ராத்திரி 20,000 சதுர அடி ஆபீஸைக் கூட்டித் துடைக்க நாலு மணி நேரம்னு அவங்க போட்ட கணக்கை நம்பாம, ஒரு நாள் அந்தக் கட்டடத்துக்கே போய் நடந்து பாருங்க.

கிளீனிங்கோ சாப்பாடோ எதை எடுத்தாலும் முதல் நாளே ரெண்டு பேங்க் கணக்கு திறங்க. வாடிக்கையாளர்கிட்ட வாங்குற 13 சதவீதமும், ஆள் சம்பளத்துல பிடிக்கிற வரியும் ரெண்டாவது கணக்குக்கு அன்னைக்கே போகணும். அது அரசாங்கத்துப் பணம், நம்ம கையில இருக்கிறது காவலுக்கு மட்டும்தான். வாடகை இடிக்கும்போது அதுல கை வச்சா, கம்பெனி மூடுனாலும் இயக்குநரா இருக்கிற உங்க சொந்தப் பணத்துல இருந்து வசூலிப்பாங்க.