நான்கு சிப்களில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிறது

கேள்வி:
வணக்கம். பிட்காயின் மைனிங்குக்காக நான்கு ஏசிக் சிப்கள் (அந்த ஒரே வேலைக்கென உருவாக்கப்பட்டவை) கொண்ட சிறிய சர்க்யூட் போர்டு ஒன்றை நானே வடிவமைத்துச் சால்டர் செய்திருக்கிறேன். நான்கும் ஒரே ரெகுலேட்டரிலிருந்து 0.8 வோல்ட் பெறுகின்றன. அதிர்வெண் 400 மெகாஹெர்ட்ஸ். மற்ற மூன்றும் 62 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்க, மூன்றாவது சிப் மட்டும் பத்து நிமிடத்துக்குள் 88 டிகிரியைத் தொட்டு, தவறான ஹாஷ்களை, அதாவது மைனிங் கணக்கீட்டின் தவறான விடைகளைத் தரத் தொடங்குகிறது. அதன் மேல் பெரிய ஹீட் சிங்க் ஒட்டி, மின்விசிறியை அருகில் வைத்தும் 3 டிகிரிதான் குறைந்தது. பழுது சிப்பிலா, என் வேலையிலா என்பதை எப்படிக் கண்டறிவது?

பதில் 1:
அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்திருந்தால், நான்கு சிப்களின் மேலும் ஒரே வகைக் கருப்பு டேப்பை ஒட்டி மீண்டும் அளந்து பாருங்கள். பளபளப்பான பரப்பில் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். காரணம் தெரியும்வரை 0.72 வோல்ட், 360 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது நல்லது. சிப் செலவழிக்கும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் ஏற்ப மாறுவதால், வெப்பம் ஏறக்குறைய 27 சதவீதம் குறையும்.

பதில் 2:
ஹீட் சிங்க் உதவவில்லை என்று நீங்கள் சொன்னதுதான் முக்கியமான தடயம். மேற்புறம் பிளாஸ்டிக்கால் மூடிய சிப்களில் வெப்பத்தின் பெரும்பகுதி அடியிலுள்ள உலோகத் திட்டு வழியாகச் சால்டருக்கும், அங்கிருந்து வயாக்கள் (போர்டை ஊடுருவும், உள்ளே உலோகம் பூசிய சிறு துளைகள்) வழியாகப் போர்டின் பின்புறக் காப்பருக்கும் இறங்குகிறது. அந்தப் பாதை அடைபட்டால் மேலே எதை ஒட்டினாலும் பெரிய பயன் இருக்காது.

சிப்பா, சால்டரா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. மூன்று சிப்களை ரீசெட் நிலையில் நிறுத்தி, ஒன்றை மட்டும் இயக்கி, மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்குக்கும் இப்படியே செய்யுங்கள். சூடேறினால் கசிவு மின்னோட்டமும் கூடும் என்பதால், இயக்கிய சில விநாடிகளுக்குள், சிப் குளிர்ச்சியாக இருக்கும்போதே அளக்க வேண்டும். மூன்றாவது சிப் மட்டும் கூடுதலாக இழுத்தால் சிப்பைச் சந்தேகிக்கலாம். நான்கும் ஒரே அளவு இழுத்தால், அடியில் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்றே கொள்ளலாம். திட்டுக்குக் கீழுள்ள வயாக்களின் துளை எவ்வளவு?

கேள்வி கேட்டவர்:
துளை 0.5 மில்லிமீட்டர், மூடப்படாதவை. நீங்கள் சொன்னபடி அளந்ததில் நான்கு சிப்களுமே 4.1 ஆம்பியருக்கு மிக அருகில்தான் இழுக்கின்றன.

பதில் 2:
அப்படியானால் உருகிய சால்டர் அந்தத் துளைகள் வழியாகப் பின்புறம் வடிந்திருக்க வாய்ப்பு அதிகம். சிப்பைக் கழற்றி, திட்டைச் சுத்தம் செய்து, துளைகளைச் சால்டரால் நிரப்பிச் சமப்படுத்திய பிறகு, சால்டர் பேஸ்ட்டை ஒரே பரப்பாக இல்லாமல் சிறு சிறு சதுரங்களாக இடுங்கள். பேஸ்ட்டில் கலந்திருக்கும், சால்டர் படிய உதவும் ஃபிளக்ஸிலிருந்து எழும் வாயு அந்த இடைவெளிகள் வழியாக வெளியேறும். பின்புறக் காப்பர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், மேலிருந்து ஹாட் ஏர் மட்டும் போதாது. போர்டைக் கீழிருந்தும் சூடாக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
சிப்பைக் கழற்றியபோது திட்டின் பாதிக்கு மேல் சால்டரே படியாமல் இருந்தது. மீண்டும் பொருத்தி, பழைய 0.8 வோல்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டினேன். 65 டிகிரியைத் தாண்டவில்லை, தவறான ஹாஷ்களும் நின்றுவிட்டன. அடுத்த போர்டில் வயாக்களை 0.3 மில்லிமீட்டராகக் குறைத்து, நிரப்பி மூடியே செய்யவிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.