தாக்கல் தேதிகளும் நம் இரவுகளும்: அனுபவங்களைப் பகிருங்கள்

தறிக்கணக்கு, ஈரோடு

விசைத்தறி, சாயப்பட்டறை, சிறு ஜவுளிக் கடைகள் ஆகியவற்றின் கணக்குகளைப் பார்க்கும் அலுவலகம் எங்களுடையது. 7ஆம் தேதி டிடிஎஸ் (பிடித்த வரி), 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி 3பி (மாத ஜிஎஸ்டி கணக்கு) என்று மாதம் எப்படி ஓடும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 5ஆம் தேதிக்குப் பிறகு வரும் விற்பனைப் பில்களை 11ஆம் தேதிக்குள் ஏற்றித் தரும் பொறுப்பை ஏற்க மாட்டோம் என்று கதவில் ஒட்டிவிட்டோம். ஒட்டிய மாதத்திலேயே இது நடந்தது.

10ஆம் தேதி இரவு, கதவைப் பூட்டும் நேரத்தில், நெடுநாள் வாடிக்கையாளரான தறிக்காரர் ஒருவர் மஞ்சள் பையுடன் படியேறி வந்தார். நான் கதவில் இருந்த தாளைக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "எனக்காகக் கேக்கலீங்க தம்பி. நாளைக்கு ஏத்தலைன்னா நம்மகிட்டத் துணி எடுத்தவருக்கு 14ஆம் தேதி 2பியில காட்டாது. காட்டற வரைக்கும் வரிப் பணத்தை நிறுத்தி வெச்சுருவாரு" என்றார். வாங்கியவர் எந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்தான் 2பி. நான் பையை வாங்கவில்லை. அவர் அதன் வாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிப் போனார்.

அந்த விதி இன்றும் கதவில்தான் இருக்கிறது. அதனால் எங்கள் அலுவலகப் பிள்ளைகள் எட்டு மணிக்கு வீட்டில் சாப்பிடுகிறார்கள். அது சரியான விதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த 5 விழுக்காட்டு வரிப் பணம் எத்தனை நாள் முடங்கிக் கிடந்தது என்று அவரிடம் கேட்க இன்று வரை எனக்கு வாய் வரவில்லை.

பயிற்சி மாணவி, சென்னை

ஐயா, உங்களால் கதவில் தாள் ஒட்ட முடிகிறது. சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருக்கும் எங்களுக்கு ஒட்டுவதற்குக் கதவே கிடையாது. வாரத்துக்கு 35 மணி நேரம் என்று விதிமுறை பேசுகிறது; செப்டம்பர் மாதத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

என்னை இன்னும் உறுத்துவது 2025 செப்டம்பர் 15ஆம் தேதி இரவுதான். ஜூலை 31இல் முடிய வேண்டிய வருமான வரித் தாக்கலை அந்தத் தேதி வரை தள்ளி வைத்திருந்தார்கள். கடைசிக் கணக்குகளை அனுப்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் பையை மாட்டிக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டார்கள். நள்ளிரவை நெருங்கும் வேளையில், இன்னும் ஒரு நாள், 16ஆம் தேதி வரை, அவகாசம் என்ற அறிவிப்பு கைப்பேசிகளில் வந்தது. யாரும் மகிழவில்லை. முடிந்துவிட்டது என்று காலையில் கைவிட்டிருந்த கோப்புகளை எங்கள் மூத்தவர் மீண்டும் அடுக்கி எடுக்கத் தொடங்கினார். லிஃப்ட் வரை போனவர்கள் திரும்பி வந்து, பையைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி ஆண்டுதோறும் கோரிக்கை வைக்கும் பெரியவர்கள், அவகாசத்தை யார் உழைத்துத் தீர்க்கிறார்கள் என்பதையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

வரி ஆலோசகர், கோவை

என் அனுபவம் சிறியது. வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளின் திருமணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது, 3பி தாக்கலுக்கான ஓடிபியைக் கேட்டு நான் தொடர்ந்து அழைத்தேன். ரசம் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் ஆறு எண்களையும் படித்துச் சொன்னது பின்னணியில் நாதஸ்வரத்தோடு என் காதில் இருக்கிறது.

அதன் பிறகு நான் செய்தவற்றை ஈரோட்டு நண்பர் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்களைக் காலாண்டுத் தாக்கலுக்கு, அதாவது 2021 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் கியூஆர்எம்பி முறைக்கு, மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு மாதங்களில் 25ஆம் தேதிக்குள் பிஎம்டி-06 செலுத்துச் சீட்டில் வரியைக் கட்டினால் போதும். முந்தைய காலாண்டில் ரொக்கமாகக் கட்டியதில் 35 விழுக்காட்டைக் கட்டும் வழியும் இருப்பதால் அந்த மாதங்களில் கணக்கை முழுமையாக முடிக்க வேண்டிய நெருக்கடி இல்லை. காலாண்டு 3பிக்கும் நம் மாநிலத்தில் 22ஆம் தேதி வரை நேரம் இருக்கிறது. இரண்டாவது, ஓடிபியை நம்பியிருக்காமல் இயன்றவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் எடுத்து வையுங்கள். அது காலாவதியாகும் நாளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, தாமதமாகத் தருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள், கட்டணத்தைக் கூட்டுங்கள். தாளைப் பார்த்துத் திருந்தாதவர்கள் பில்லைப் பார்த்துத் திருந்துவதை நான் கண்டிருக்கிறேன். நான்காவது, தொலைபேசியை எடுப்பதற்கென்று காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை வைத்துக்கொள்ளுங்கள். டேலி கணக்கு மென்பொருளில் பதிவு செய்துகொண்டிருப்பவரை "என் வேலை முடிந்ததா" என்று கேட்டு எழுப்பும் ஒவ்வோர் அழைப்பும் அந்த வேலையைத்தான் தள்ளிப் போடுகிறது.

தறிக்கணக்கு, ஈரோடு

கோவை நண்பருக்கு நன்றி, ஆனால் நான் ஆலோசனை கேட்கவில்லை. காலாண்டு முறையில் இருப்பவரிடம் துணி எடுக்கும் வியாபாரிக்கு மாதாமாதம் 2பியில் காட்ட வேண்டுமென்றால் 13ஆம் தேதிக்குள் ஐஎஃப்எஃப் என்ற இடைமாத விற்பனைப் பதிவு வசதியில் அந்தப் பில்களை ஏற்றித்தான் ஆக வேண்டும். 11ஆம் தேதி 13 ஆகுமே தவிர, பையோடு படியேறி வருபவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

பனியன் கணக்கர், திருப்பூர்

நான் மேசையின் மறுபக்கத்தில் இருப்பவன். ஆடிட்டர் அலுவலகத்துக்குப் பையைக் கொண்டுவரும் ஆள். நாங்கள் சோம்பலால் தாமதிப்பதாக இங்கே ஒரு தொனி தெரிவதால் எழுதுகிறேன். நிட்டிங், சாயம், பிரின்டிங், தையல் என்று ஒரு பனியன் முடிவதற்குள் பல ஜாப் ஒர்க் பில்கள் வர வேண்டும். ஒவ்வொருவரும் தமக்கு வசதியான நாளில் அனுப்புகிறார்கள்.

ஒரு மாதம் 19ஆம் தேதி மாலை, பெரிய தொகைக்கான சாயப் பில்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கடுமையாகப் பேசினார்கள். முதலாளியிடம் கேட்டபோது அவர் யோசித்துவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போய்த் தம் காரின் டேஷ்போர்டைத் திறந்தார். டீசல் ரசீதுகள், கோயில் விபூதிப் பொட்டலம், ஒரு பாக்குச் சரம் ஆகியவற்றுக்கு அடியில் நான்காக மடித்த அந்தப் பில்கள் இருந்தன. சாயப்பட்டறைக்காரர் நேரில் பார்த்தபோது கொடுத்தாராம். "இங்கேதான்ப்பா பத்திரமா இருந்துச்சு" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் 3ஆம் தேதி காலையில் ஓட்டுநரிடம் சாவியை வாங்கி அந்தப் பெட்டியை நானே காலி செய்கிறேன். முதலாளிக்கு இது தெரியும். அவர் ஒன்றும் சொல்வதில்லை. என் மாதத்தில் என் கைக்கு வந்திருக்கும் கட்டுப்பாடு இந்த அளவுதான். சாயப்பட்டறையின் தேதியும் என் கையில் இல்லை, 20ஆம் தேதியும் என் கையில் இல்லை.

கோவை ஐயாவுக்கு ஒரு கேள்வி: தாமதக் கட்டணத்தைக் கூட்டினால் அதை முதலாளி என் சம்பளத்தில் பிடிக்காமல் இருக்க, பில்லில் என்ன பெயரிட்டு எழுதுவீர்கள்?

வரி ஆலோசகர், கோவை

"கூடுதல் பணி நேரம்" என்று எழுதி, பில்கள் எங்கள் கைக்கு வந்த தேதியையும், அந்தப் பில்களில் உள்ள தேதியையும் பக்கத்தில் குறித்துவிடுவோம். சாயப்பட்டறையில் தாமதமா, காரில் தாமதமா என்பதை முதலாளி தாமே படித்துக்கொள்வார்.