குடிலுக்குக் குடில்: ஆறு கிலோமீட்டர் மட்டுமே உள்ள நாளில் எப்படி நடப்பது?

இரவுதோறும் வழியிலுள்ள ஒரு குடிலில் தங்கிச் செல்லும் பல நாள் காட்டு நடையில் நடுவே வரும் குட்டி நாளில்தான் பலரும் அசந்துபோகிறார்கள். "ஆறு கிலோமீட்டர்தானே" என்று பதினொரு மணிக்குக் கிளம்புவார்கள். தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அப்படியானால் 600 மீட்டர் ஏற்றமுள்ள அந்த 6 கிலோமீட்டருக்கு 2 மணி 12 நிமிடம். அதுவும் நல்ல பாதையில், எங்கும் நிற்காமல். முதுகில் 14 கிலோ, காலடியில் வேரும் சேறும் என்றால் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

*

நேரக் கணக்கு சரி. வழியில் ஓடை இருந்தால் அந்தக் கணக்கு மட்டும் போதாது. பனி உருகி வரும் ஓடை விடிகாலையில் தாழ்ந்திருக்கும், வெயில் ஏற ஏறப் பெருகும். காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடிய தண்ணீர் பிற்பகலில் தொடையைத் தொடலாம். அதனால் குட்டி நாளானாலும் வழக்கமான நேரத்துக்கே கிளம்புங்கள். தண்ணீர் கலங்கியிருக்கிறதா, சுள்ளிகள் மிதந்து வருகின்றனவா, அடியில் கல் உருளும் சத்தம் 'கடகட'வெனக் கேட்கிறதா? இறங்கவே கூடாது. மழை ஓய்ந்தால் சிற்றோடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். நீண்ட நாளில் அப்படிக் காத்திருக்க நேரம் கிடைக்காது. இந்த நாளில் கிடைக்கும். அதைத் தூங்கித் தொலைக்காதீர்கள்.

*

பாதங்களையும் மறந்துவிடாதீர்கள்! குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றுங்கள். "குடில் பக்கம்தானே" என்று தள்ளிப்போட்டால் கொப்புளம் வந்துவிடும், அடுத்த நாள் நீண்ட நடை பாழ். ஈரத்தைத் துடைத்து, டேப்பின் நான்கு முனைகளையும் வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். கூர்முனை சாக்ஸில் மாட்டி உரிந்துவிடும்.

குடிலுக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் முதல் வேலை, வெயில் இருக்கும்போதே ஸ்லீப்பிங் பேக்கை விரித்துப் போடுவது. இரவுதோறும் உடம்பிலிருந்து ஏறும் ஈரம் இறகுப் பஞ்சை அமுக்கிவிடும், கதகதப்புக் குறையும். ஷூவின் உள்மெத்தையை (இன்சோல்) உருவி, லேஸைத் தளர்த்தி, காற்றில் வையுங்கள். அடுப்பை ஒட்டி வைத்தால் அடிப்பகுதியின் பசை விட்டுப்போகும், தோல் வெடிக்கும். உலர்ந்த சாக்ஸ் குடிலுக்குள் மட்டும். மறுநாள் காலை ஈர சாக்ஸையே போட்டு நடங்கள். உலர்ந்த அந்த ஒரு ஜோடியும் நனைந்தால் இரவில் மாட்ட ஒன்றும் இருக்காது.

இன்னொன்று. பொழுது மிச்சமிருக்கிறதே என்று அடுத்த குடிலுக்கும் தொடர்வதானால், இந்தக் குடிலின் பதிவேட்டில் கிளம்பும் நேரத்தையும் போகுமிடத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். பழைய திட்டம் மட்டும் பதிவில் இருந்தால், தேடி வருபவர்கள் தவறான பள்ளத்தாக்கில் தேடுவார்கள்.