திட்ட அட்டவணையில் எல்லோருக்கும் எடிட் உரிமை: கொடுக்கலாமா, கூடாதா?

ஒன்பதில் ஒருவன்:
எங்கள் டீமில் 9 பேர். இதுவரை ஒரே ஒரு மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் கோப்பைப் பொது ஃபோல்டரில் வைத்துத்தான் வேலை. ஒருவர் திறந்திருந்தால் மற்றவர்களுக்கு வாசிக்க மட்டும்தான் திறக்கும். பொறுமை இல்லாதவர்கள் கோப்பின் பெயரோடு தங்கள் பெயரையும் ஒட்டி நகல் எடுத்துக்கொள்வார்கள். போன வாரம் எண்ணிப் பார்த்தேன்: ஒரே திட்டம், 4 கோப்பு, 4 முடிவுத் தேதி. எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய இணையச் செயலிக்கு இப்போது மாறப்போகிறோம். 9 பேருக்கும் முழு எடிட் உரிமை கொடுத்துவிடலாமா?

கேன்ட் கிறுக்கன்:
வேண்டவே வேண்டாம். இதைக் கூகுள் டாக்ஸ் மாதிரி நினைக்காதீர்கள். கட்டுரையில் மூன்றாம் பத்தியைத் திருத்தினால் பத்தாம் பத்தி அப்படியேதான் இருக்கும். அட்டவணையில் ஒரு வேலையின் 5 நாளை 8 ஆக்கினால், அதன் பின்னால் தொங்கும் எல்லாமே நகரும். 1950களின் கடைசியில் டூபான்ட் நிறுவனத்தில் கிரிட்டிகல் பாத் முறை உருவானதே இந்தச் சங்கிலியைக் கணக்குப் போடத்தான். பேனா ஒருவர் கையில் இருக்கட்டும், மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும்.

சும்மா எட்டிப்பார்த்தேன்:
அந்த ‘ஒருவர்’ லீவில் போனால்? நான் இருந்த ஒரு டீமில் இதே ஏற்பாடுதான். திட்டமிடுபவர் இரண்டு வாரம் வரவில்லை. நாங்கள் நிஜத் தேதிகளை ஒரு எக்செலில் போட்டு ஓட்டினோம். அவர் திரும்பி வந்தபோது அவர் அட்டவணையை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, பாவம். அவர் இருந்த நாட்களிலும் திங்கட்கிழமை தெரிந்த தாமதம் வெள்ளிக்கிழமைதான் ஏறும்.

இரண்டு பேர் மோதிக்கொள்வார்கள் என்ற பயமா? அதற்கெல்லாம் எப்போதோ வழி வந்தாயிற்று. ரெட்மைன் என்ற திட்ட மேலாண்மைச் செயலியில் நான் திறந்து வைத்திருக்கும் பணியை இடையில் வேறொருவர் மாற்றிவிட்டால், நான் சேவ் செய்யும்போது நிறுத்திக் கேட்கும்: உன் மாற்றத்தையே போடவா, குறிப்பை மட்டும் சேர்க்கவா, எல்லாவற்றையும் விட்டுவிடவா? அதே மாதிரிச் செயலியான ஓப்பன்புராஜெக்டிலும் பழைய பதிப்பு எண்ணோடு வரும் திருத்தத்தைச் சர்வர் ஏற்காது.

கேன்ட் கிறுக்கன்:
அது ஒரே பணியில் இருவர் கை வைத்தால் மட்டும். வேறு வேறு பணியில் வைத்தால்? சோதனை 5 நாள், பயிற்சி 6 நாள், இரண்டும் ஒரே நாளில் தொடங்குகின்றன என்று வையுங்கள். மொத்தம் 6 நாள். நீங்கள் சோதனையை 8 ஆக்குகிறீர்கள். உங்கள் திரையில் 8 நாள். அதே நிமிடம் நான் ‘சோதனை முடிந்த பிறகே பயிற்சி’ என்று இணைக்கிறேன். என் திரையில் 11 நாள். இரண்டும் சேவ் ஆகின்றன, ஒரு எச்சரிக்கையும் வராது. அட்டவணை இப்போது 14 நாள். இந்த 14ஐ நீங்களும் முடிவு செய்யவில்லை, நானும் முடிவு செய்யவில்லை.

சும்மா எட்டிப்பார்த்தேன்:
நல்ல உதாரணம். ஆனால் அந்த 14 தப்பான விடையா? சோதனைக்கு நிஜமாகவே 8 நாள் வேண்டும், பயிற்சி நிஜமாகவே அதற்குப் பிறகுதான் என்றால் 14தான் சரி. உங்கள் ஒற்றைப் பேனாவிலும் இதே 14தான் வரும், ஒரு வாரம் கழித்து.

கேன்ட் கிறுக்கன்:
சரி, அந்த இடத்தில் என்னை மடக்கிவிட்டீர்கள். ஆனால் இரண்டு மாற்றமும் ஒரே ரகம் இல்லை. 8 நாள் ஆகும் என்பது வேலை செய்பவருக்குத் தெரிந்த செய்தி, அதை அவரே ஏற்றட்டும். பயிற்சியைப் பின்னால் தள்ளுவது முடிவு. அதைப் போகிற போக்கில் யாரும் மவுஸால் இழுத்துவிடக் கூடாது. பேஸ்லைனும், அதாவது எல்லோரும் ஒப்புக்கொண்ட மூல அட்டவணையும், அப்படித்தான். ஒப்புக்கொண்ட தேதியை ஆளாளுக்குப் புதுப்பித்தால் எந்தத் திட்டமும் என்றைக்குமே தாமதமாகாது!

சர்வர் அறைவாசி:
நீங்கள் இருவரும் சொல்வதைச் செயலியிலேயே பிரிக்கலாம். ரெட்மைனில் எந்தப் பொறுப்பில் இருப்பவருக்கு பணியின் எந்தக் களம் (தேதி, நாட்கள் போன்ற கட்டம்) வாசிக்க மட்டும் என்று வைக்க முடியும். எல்லாச் செயலியிலும் இந்த வசதி இல்லை, வாங்கும் முன் பாருங்கள். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு கட்டாயம் வேண்டும். அன்டூவை மட்டும் நம்பாதீர்கள். நீங்கள் மாற்றியதன் மேல் இன்னொருவர் மாற்றிய பிறகு அன்டூ எதைத் திருப்ப வேண்டும் என்பதே குழப்பம். அப்புறம், எத்தனை சதவீதம் முடிந்தது என்று கேட்காதீர்கள், ‘இன்னும் எத்தனை நாள்’ என்று கேளுங்கள். 90% என்று மூன்று வாரம் நின்ற வேலைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒன்பதில் ஒருவன்:
நன்றி. மீதி நாட்களை 9 பேரும் அவரவர் வேலைக்கு ஏற்றலாம். இணைப்பும் பேஸ்லைனும் 2 பேரிடம் மட்டும், ஒருவர் லீவில் போனாலும் நிற்காமல் இருக்க. இப்படித்தான் டீமில் சொன்னேன். அந்த இரண்டாவது ஆள் யார் என்று இப்போது சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

சும்மா எட்டிப்பார்த்தேன்:
லீவே எடுக்காதவரைப் போடுங்கள்.